பல்கலைக்கழக வாசலில் சப்ரகமுவ தோட்டப் பிள்ளைகள்

உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களிலும் சித்தியடைவது பல்கலைக்கழக அனுமதிக்கான தகுதி மட்டுமே. அதுவே அனுமதி ஆகிவிடாது. இந்த வேறுபாட்டை இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியம் எனக் கருதுகின்றோம்.

மருத்துவம், பொறியியல் உள்ளிட்ட பல கற்கைநெறிகளுக்கு இஸட் புள்ளியின் அடிப்படையில் மாணவர் தெரிவு செய்யப்படுகின்றனர். 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு உரியவை. 55 சதவீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதத்தில் பகிரப்படுகிறது. எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக வழங்கப்படுகிறது. இப்பட்டியலில் இரத்தினபுரி உண்டு, கேகாலை இல்லை. எனவே எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளின் இறப்பர்த் தோட்டப் பிள்ளை, கேகாலை நகரின் வசதிமிக்க பாடசாலை மாணவருடன் ஒரே வெட்டுப்புள்ளியில் போட்டியிட நேர்கிறது. இரத்தினபுரியிலும் சலுகை மாவட்டத்துக்கே அன்றித் தோட்டத்துக்கு அன்று. தமிழ்மொழி மூல விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் அரிதாகவுள்ள மாகாணத்தில் இது தமிழ், முஸ்லிம் மாணவர் இரு சாராரையும் பாதிக்கிறது.

பிற மாவட்டப் பாடசாலைக்கு மாறுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாணவரின் மாவட்டம் பிறந்த ஊரைக் கொண்டன்றி, கற்ற பாடசாலையைக் கொண்டே பெரிதும் தீர்மானிக்கப்படுகிறது. மாறுவதற்கு முன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலைப் பார்ப்பது நன்று.

முதற் தெரிவில் பெயர் வராதோர் மனந்தளர வேண்டியதில்லை. தெரிவானோரில் சிலர் பதிவு செய்யாதுவிடுவதால் ஏற்படும் வெற்றிடங்கள், அடுத்த நிலையிலுள்ளோரின் புள்ளியையும் விருப்பத்தெரிவு வரிசையையும் கொண்டு நிரப்பப்படுகின்றன. விண்ணப்பத்தில் குறிப்பிடாத கற்கைநெறிக்கு எவரும் பரிசீலிக்கப்படுவதில்லை. இரண்டு மூன்று தெரிவுகளோடு நிறுத்துவோர் தம் வாய்ப்பைத் தாமே சுருக்கிக்கொள்கின்றனர்.

அரச பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்குக் கட்டணமில்லை. ஆயினும் உணவு, தங்குமிடம், போக்குவரத்து என்பன நாட்கூலிக் குடும்பத்துக்குப் பெருஞ்சுமையே. 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மகாபொல நிதியம் திறமைக்கும் குறைந்த வருமானத்துக்கும் புலமைப்பரிசில் வழங்குகிறது. அது கிட்டாத வறிய மாணவருக்கு உதவுதொகை உண்டு. 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதத் தொகையை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், உதவுதொகையை 4,000 ரூபாவிலிருந்து 6,500 ஆகவும் உயர்த்த முன்மொழியப்பட்டது. இவற்றோடு, 1947 இல் தொடங்கப்பட்ட இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம், கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாகத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு உதவி வருகிறது.

ஆனால் இவ்வுதவிகள் பெரும்பாலும் அனுமதிக்குப் பின்னரே கைக்கு வருவன. முதல் மாதங்களின் செலவுக்கு வட்டிக்குக் கடன் வாங்கும் நிலையைத் தவிர்க்க, ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் சிறு நிதியொன்றை ஆயத்தமாக வைத்திருக்கலாம். மாவட்டச் சராசரிக்குள் மறைந்துபோகும் தோட்டப் பாடசாலைகளைத் தனி அலகாகக் கணிக்கும் முறை குறித்து அரசு சிந்திப்பதே நிலையான தீர்வாகும்.