பால்மணியின் உறையும் மின்முனையும்

ஆயர் தாவார் வட்டாரத் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய தமிழர், மங்கு எனும் கோப்பையில் தானே உறைந்த பாலைக் கட்டிப்பால் என்றனர். அச்சொல்லுக்குப் பின்னே மின்வேதியியல் வரலாறு ஒன்று இருப்பதை நாம் காணலாம்.

ரப்பர்ப் பால், நீரில் மிதக்கும் நுண்மணிகளின் கலவை. ஒவ்வொரு மணியையும் பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்பும் புரதமும் சேர்ந்த மெல்லுறை சூழ்ந்துள்ளது. அவ்வுறை எதிர்மின்னூட்டம் உடையது. ஆதலின் மணிகள் ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன. நுண்ணுயிர்கள் உண்டாக்கும் அமிலம் அம்மின்னூட்டத்தைத் தணிக்கும்போது மங்கிலுள்ள பால் கட்டியாகிறது. தொழிற்சாலைத் தொட்டியில் இதே பணியைப் பார்மிக் அமிலம் செய்தது.

1925இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஷெப்பர்டும் எபர்லினும் மின்சாரத்தால் ரப்பரைப் படியவைக்கும் முறையை வெளியிட்டனர். பாலில் மின்சாரம் பாய்ந்ததும் மணிகள் நேர்மின்முனையை நோக்கி நகர்கின்றன. அம்முனையருகே தோன்றும் அமிலமும் உலோக அயனிகளும் உறையின் மின்னூட்டத்தைப் போக்க, மணிகள் ஒட்டிப் படலமாகின்றன. மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்ததும் அதே 1925இல்தான்.

இன்று உயிர் உணரிகளை ஆக்குவோர், லிப்பிட் நுண்பைகள் மின்முனையில் ஒட்டி, உடைந்து, படலமாய்ப் பரவுவதை ஆராய்கின்றனர். அங்கும் வினாக்கள் இவையே: உறையின் மின்னூட்டம் யாது? முனையின் பரப்பு எத்தகையது?

தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின; மங்கும் கட்டிப்பாலும் பேச்சினின்று மறைந்து வருகின்றன. மின்முனைப் பாடத்தை அச்சொற்களிலிருந்து நாம் தொடங்கினால், மாணவர் அறிவியலோடு தம் முன்னோரின் கையறிவையும் பெறுவர்.