ஹார்ப் பார்: போர்க்கால பெல்பாஸ்டின் இசை மேடை

வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில், ஹில் வீதியில் இருந்த மதுபானசாலை ஹார்ப் பார்.

1975 ஜூலை 31 அன்று பிரித்தானிய இராணுவச் சீருடையில் போலிச் சோதனைச்சாவடி அமைத்திருந்த ஆயுததாரிகள், மயாமி ஷோபாண்ட் இசைக்குழுவினர் மூவரைக் கொன்றனர். அதன்பின் வெளியூர்க் குழுக்கள் அங்கு வர அஞ்சின. இரவானால் நகர மையம் வெறிச்சோடியது.

1978இல் உள்ளூர் பங்க் இசைக்குழுக்களுக்கு ஹார்ப் பார் மேடை கொடுத்தது. ரூடி, அவுட்காஸ்ட்ஸ் போன்றவை அங்கு இசைத்தன. டெரி ஹூலியின் குட் வைப்ரேஷன்ஸ் நிறுவனம் அவற்றின் இசைத்தட்டுகளை வெளியிட்டது. பாடசாலையாலும் குடியிருப்பாலும் பிரிக்கப்பட்டிருந்த கத்தோலிக்க, புரட்டஸ்தாந்து இளைஞர்கள் ஒரே கூரையின் கீழ் நின்று கேட்டனர்.

1980களின் தொடக்கத்தில் அந்த மேடை ஓய்ந்தது. சமாதான உடன்படிக்கை 1998இலேயே வந்தது. போரை நிறுத்தும் வல்லமை ஒரு மதுபானசாலைக்கு இருக்கவில்லை. ஆனாலும், எதிரி என்று சொல்லப்பட்டவர்களை நேரில் கண்டு பழக அது இடம் கொடுத்தது.