ஒரு தேசம், இரண்டு ஜில்லா, எங்க அப்பத்தா



1973-ல் ஆவுடையார்கோவிலிலிருந்து டிரங்குப் பெட்டியோடு புதுக்கோட்டைக்குப் படிக்க வந்தபோது நான் தஞ்சாவூர் ஜில்லாக்காரன். படிப்பு முடிந்து திரும்பும்போது புதுக்கோட்டை மாவட்டத்துக்காரன். ஊர் நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது.

எங்க அப்பத்தா பிறந்தது அரிமளம், தொண்டைமான் சமஸ்தானம். வாழ்க்கைப்பட்டது ஆவுடையார்கோவில், வெள்ளைக்காரன் நேரடியாக ஆண்ட சீமை. "ராஜா ஊர்லேருந்து கலெக்டர் ஊருக்கு வந்தேன்" என்பார். நவராத்திரிக்கு அரண்மனையில் அரிசியோடு கொடுத்த அம்மன் காசு அவர் சுருக்குப்பையில் கடைசிவரை கிடந்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறு பக்கம் தெலுங்கில் 'விஜய'.

1947-ல் வெள்ளைக்காரன் போனபோது இந்தியாவில் ஐநூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் இருந்தன. சர்தார் படேலும் வி.பி. மேனனும் அவற்றை இணைத்த கதை பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ஐதராபாத், காஷ்மீர் என்று அதிலே பக்கம் பக்கமாக வரும். நம்ம ஊருக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிசு.

நம்ம கதையோ சண்டை சச்சரவு இல்லாதது. ஆஸ்திரேலியப் பெண்ணை 1915-ல் மணந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1928-ல் பாரிஸில் காலமானார். அவர் மகனுக்குப் பட்டம் தர ஆங்கிலேயர் சம்மதிக்கவில்லை. ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமானுக்குப் பட்டம் கட்டினார்கள். அந்தப் பிள்ளைதான் வளர்ந்து, இருபத்தைந்தாம் வயதில் ராஜ்யத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார். நாள் 3 மார்ச் 1948.

சமஸ்தானத்துக்கு இதில் நஷ்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தனியாகச் சட்டசபையும் கோர்ட்டும் வைத்திருந்த தலைநகரம், திருச்சி ஜில்லாவில் ஓர் ஊராகிப் போனது. இருபத்தாறு வருஷம் அப்படித்தான். நாங்களோ தஞ்சாவூர் ஜில்லாவிலேயே இருந்தோம். தேசம் ஒன்றாகியும் அரிமளத்துக்கும் ஆவுடையார்கோவிலுக்கும் இடையே கோடு போகவில்லை.

14 ஜனவரி 1974, பொங்கல் நாளில், திருச்சியிலும் தஞ்சாவூரிலும் பிரித்தெடுத்துப் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தது. விடுமுறைக்குப் போயிருந்த நான் அப்பத்தாவிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று:

"அப்ப பட்டா விஷயமா தஞ்சாவூரு போக வேண்டியதில்லையா?"

"புதுக்கோட்டை போனாப் போதும் அப்பத்தா."

"எங்க ராஜா ஊருக்கா?"

பிற்பாடு ராஜாவின் புது அரண்மனையே கலெக்டர் ஆபீஸ் ஆகிவிட்டது. பட்டா மாற்ற அப்பா போனதும் அங்கேதான்.