நிலைப்பொருளின் நிலையாமை: வீட்டு ஒலிக்கருவியை எப்போது புதுப்பிப்பது?

1967 ஜனவரியில் ‘டேட்டமேஷன்’ இதழில் ஆஷர் ஓப்லர் எழுதிய கட்டுரையே ‘ஃபர்ம்வேர்’ என்ற சொல்லை உலகுக்குத் தந்தது. வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடைப்பட்ட ஓர் அடுக்கைச் சுட்ட அவர் அதைப் புனைந்தார். அவர் மனத்தில் இருந்தவை கணினிச் செயலகத்தின் நுண்நிரல்கள். தமிழில் இதை ‘நிலைப்பொருள்’ என்பர். இன்று அப்பெயர் சற்றே முரணாக ஒலிக்கிறது. வரவேற்பறை ஒலிபெருக்கியில் மரப்பெட்டியும் காந்தமும் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்க, அடிக்கடி மாறுவது இந்த ‘நிலை’ப்பொருள்தான்.

இம்மாற்றத்தின் வேர் நினைவகத்தின் வரலாற்றில் உள்ளது. 1982இல் சோனியின் சிடிபி-101 குறுந்தட்டு இயக்கியை வாங்கியவர் முன் ‘புதுப்பிப்பதா, பொறுத்திருப்பதா’ என்ற கேள்வி எழவில்லை. 1971இல் இன்டெலில் டோவ் ஃப்ரோமன் உருவாக்கிய ஈப்ராம் நினைவகத்தை அழிக்கப் புறஊதா ஒளி வேண்டும். அதை வீட்டில் செய்பவர் அரிது. 1984இல் தோஷிபாவின் ஃபூஜியோ மசுவோகா முன்வைத்த ஃபிளாஷ் நினைவகமோ மின்சாரத்தாலேயே அழிக்கத்தக்கது. பெட்டியைத் திறக்காமல், யுஎஸ்பி வழியாகவும் பின்னர் இணையம் வழியாகவும் நிரலை மாற்ற அது வழிவகுத்தது. முடிவெடுக்கும் இடம் பழுதுபார்க்கும் பணிமனையிலிருந்து வீட்டுக்கு நகர்ந்தது.

இதனால் விளைந்த நன்மைகள் மெய்யானவை. 2015இல் விற்பனையான டெனான், மராண்ட்ஸ் ஏவி ரிசீவர்கள் சிலவற்றுக்கு டிடிஎஸ்:எக்ஸ் ஒலிவடிவம் 2016இல் புதுப்பிப்பாகவே வந்து சேர்ந்தது. 2017 அக்டோபரில் மத்தி வான்ஹூஃப் வைஃபை பாதுகாப்பு நெறிமுறையிலிருந்த ‘கிராக்’ என்னும் ஓட்டையை வெளிப்படுத்தியபோது, அதை அடைக்க நிரல் திருத்தமே வழியாயிற்று.

மறுபக்கமும் உண்டு. 2020 ஜூனில் சாம்சங் ப்ளூ-ரே இயக்கிகளும் ஹோம் தியேட்டர்களும் பல நாடுகளில் ஒரே சமயத்தில் ஓயாமல் அணைந்து எழத் தொடங்கின. இணையம் வழியே தாமாகப் பெற்றுக்கொண்ட ஒரு சிறு அமைப்புக் கோப்பே காரணம் எனப் பின்னர் விளக்கப்பட்டது. எந்த உரிமையாளரும் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. அதே ஆண்டு இறுதியில், புதிய ஏவி ரிசீவர்கள் சிலவற்றின் எச்டிஎம்ஐ 2.1 சில்லில் பிழை தெரியவந்தது. அது வன்பொருளின் பிழை; எனவே டெனான் வெளியிணைப்பி ஒன்றை வழங்கியது, யமஹா பலகையை மாற்றித்தர முன்வந்தது. காத்திருந்தால் புதுப்பிப்பு எல்லாவற்றையும் சரிசெய்யும் என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு என்பதை அது காட்டியது.

புதுப்பிப்பு எடுத்துச் செல்லவும் கூடும். 2022 ஜனவரியில் சோனோஸின் ஐந்து காப்புரிமைகளை கூகுள் மீறியதாக அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையம் தீர்ப்பளித்தது. விளைவாக, கூகுள் ஒலிபெருக்கிகளை ஒரு குழுவாக இணைத்து ஒரே அசைவில் ஒலியளவைக் கூட்டிக் குறைத்தவர்கள் அவ்வசதியை இழந்தனர். வழக்கில் தோற்றது நிறுவனம். வசதி பறிபோனது வாங்கியவர் வீட்டில்.

2024 மே மாதம் சோனோஸும் இதே பாடத்தைக் கற்றது. புதிய செயலியில் உறக்க நேரக் கணிப்பி, அலாரத் திருத்தம் முதலியவை விடுபட்டிருந்தன. பார்வையற்றோர்க்கான அணுகல்வசதியும் குலைந்தது. பழைய செயலியை மீட்டெடுக்கலாமா என ஆராய்ந்த நிறுவனம், ஒலிபெருக்கிகளிலும் வழங்கிகளிலும் உள்ள மென்பொருளே மாறிவிட்டதால் அது சிக்கலைப் பெருக்கும் என ஆகஸ்டில் கூறியது. 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பேட்ரிக் ஸ்பென்ஸ் பதவி விலகினார்.

இந்நிகழ்வுகளிலிருந்து ஒரு நடைமுறை ஒழுங்கைப் பெறலாம். பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் திருத்தத்தைத் தாமதமின்றி நிறுவுவது நன்று. புதிய வசதிக்கான புதுப்பிப்பைச் சில வாரங்கள் பொறுத்து, பிறர் பட்டறிவைக் கேட்டபின் நிறுவலாம். முந்தைய பதிப்புக்குத் திரும்ப இயலுமா என்பதை முன்னரே அறிந்துகொள்ள வேண்டும். இயலாதெனில் பொறுமைக்கு மதிப்புக் கூடுகிறது. இணையத்தோடு இணையாத, குறையின்றி இயங்கும் கருவியை அப்படியே விட்டுவைப்பதில் தவறில்லை.

ஆனால் இவ்வொழுங்கு முழுவதும் ‘எப்போது’ என்பதை உரிமையாளரே முடிவுசெய்கிறார் என்ற அனுமானத்தில் நிற்கிறது. சட்டமும் அவ்வாறே கருதுகிறது. 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/771 நெறியுரை, புதுப்பிப்புகள் கிடைக்கச்செய்யும் பொறுப்பை விற்பவர்மேல் சுமத்துகிறது. முறையாகத் தெரிவிக்கப்பட்டும் நியாயமான காலத்துக்குள் நிறுவாத வாங்குநர், அதனால் மட்டுமே விளையும் குறைக்கு விற்பவரைப் பொறுப்பாக்க முடியாது. தள்ளிப்போடுவதன் விலையை அவரே ஏற்கிறார். தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தும் வழியே இல்லாத கருவியின் உரிமையாளருக்கோ தள்ளிப்போடும் வாய்ப்பும் இல்லை. வாங்கிய பொருள் யாருடையது என்ற பழைய கேள்வி, ஒலிபெருக்கியின் அமைப்புப் பட்டியலில் அந்த ஒற்றைத் தெரிவு இருக்கிறதா இல்லையா என்பதில் வந்து நிற்கிறது.