கிணறும் கடலும்: வலிகாமத்தில் எண்ணெய் மாசை அளந்த வரலாறு

கடல் நீரில் எண்ணெய் கலப்பது பற்றிப் பேசும்போது நாம் முதலில் கப்பல்களையே நினைக்கின்றோம். 1967இல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையருகே 'ரொறி கன்யன்' என்னும் எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதிய பின்னரே, கரையோர நீரைத் தொடர்ந்து அளக்கவேண்டும் என்ற கருத்து அரசுகளிடையே வலுப்பெற்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரை இவ்விடயத்தை வேறொரு முனையிலிருந்து நோக்கவேண்டியுள்ளது. இங்கு எண்ணெய் மாசின் அளவீடு கிணற்றடியில் தொடங்கியது.

சண்டிலிப்பாயை எடுத்துக்கொள்வோம். வலிகாமம் தென்மேற்குப் பிரதேச செயலகம் அமைந்துள்ள இவ்வூர் கடற்கரைக் கிராமம் அன்று. எனினும் அப்பிரதேசம் வடக்கே மாதகற் கரைவரை செல்கின்றது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு, தெல்லிப்பழைப் பக்கமிருந்து கந்தரோடை, சண்டிலிப்பாய்ப் பகுதிகளூடாக வந்து அராலியில் கடனீரேரியைச் சேர்கின்றது. குடாநாட்டில் ஆறு என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான்.

கண்ணுக்குத் தெரியாத நீரோட்டம் இதனினும் பெரிது. குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலச் சுண்ணக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் வில்லை வடிவில் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடிவரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர் கணக்கு. அந்த நீர் ஓயாது கடலை நோக்கிக் கசிகின்றது; கீரிமலையில் அது கடலோரத்திலேயே ஊற்றாக வெளிப்படுவதை நாம் காண்கின்றோம். மணல் வடிகட்டுவதுபோல இச்சுண்ணக்கல் வடிகட்டுவதில்லை. நிலத்தில் ஊற்றியது எதுவோ அது வெடிப்பின் வழியே நீரை அடையும். தோட்டங்களுக்கு இடும் பசளையின் நைத்திரேற்று கிணறுகளில் தென்பட்டபோதே ஆய்வாளர் இதனை எடுத்துரைத்தனர்.

இத்தகைய நிலத்தின்மேலேதான் சுன்னாகம் மின்நிலையம் அமைந்திருக்கின்றது. போரினால் தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட குடாநாடு பல ஆண்டுகள் எண்ணெயால் இயங்கும் மின்பிறப்பாக்கிகளையே நம்பியிருந்தது. இலங்கை மின்சார சபைக்கு மின்சாரம் விற்றுவந்த தனியார் கம்பனியான நொதேர்ன் பவர், 2009ஆம் ஆண்டளவில் அங்கு உற்பத்தியைத் தொடங்கியது. சில ஆண்டுகளுள் சுற்றுப்புறக் கிணறுகளில் எண்ணெய்ப் படலமும் மணமும் தோன்றின. முதலில் அறிந்தவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். அன்றாடம் துலாவும் வாளியும் பிடித்து நீரள்ளியவர்கள். ஆயின் அவர்களுடைய மூக்குக்கும் நாவுக்கும் அலுவலகக் கோப்பில் இடமில்லை.

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 இறுதி முதல் 2014 வரை செய்த ஆய்வே அம்முறைப்பாட்டுக்கு எண் வடிவம் தந்தது. மின்நிலையத்தைச் சூழ்ந்த பகுதியில் 150 கிணறுகளின் நீர் சோதிக்கப்பட்டது. அவற்றுள் 109இல், அதாவது 73 வீதமானவற்றில், எண்ணெயும் கிறீசும் அனுமதிக்கப்பட்ட அளவை மீறியிருந்தன. 2015 தொடக்கத்தில் மக்கள் வீதிக்கு வந்தனர்; மல்லாகம் நீதவான் நீதிமன்றில் வழக்கு நடந்தது; கம்பனியின் உற்பத்தி நின்றது. கிணற்றைச் சுற்றி வாழ்ந்த ஊர்கள் பவுசர் வண்டியையும் பிளாஸ்ரிக் தாங்கியையும் எதிர்பார்த்து நின்றன. தமது கிணற்றுக்கும் அது வந்துவிடுமோ என்ற அச்சம் சண்டிலிப்பாய்ப் பக்கத்தையும் தொட்டது.

இதன்பின் நிகழ்ந்ததே வரலாற்று மாணவர் கவனிக்கவேண்டிய பகுதி. வட மாகாண சபை நியமித்த நிபுணர் குழு, ஆபத்தான ஐதரோகாபன்கள் கிணறுகளில் இல்லை என்ற முடிவைக் கூறியது. ஒரே நீருக்கு இரு தீர்ப்புகள் எவ்வாறு வந்தன? 'எண்ணெயும் கிறீசும்' என்பது கரைப்பானில் கரைந்து வரும் பொருள்கள் அனைத்தினதும் மொத்த நிறை. பென்சீன், தொலுயீன் முதலானவற்றைத் தனித்தனியே தேடுவது வேறு சோதனை. முன்னது நீர் கெட்டதா என்று கேட்கின்றது. பின்னது குறிப்பிட்ட நஞ்சு உண்டா என்று கேட்கின்றது. பின்னதற்கு 'இல்லை' என்று வந்த விடையை முன்னதற்கான விடையாக வாசித்தமை, எமது நோக்கில், அறிவியற் பிழை மட்டுமன்று. அது யாருக்கு வசதியாயிற்று என்பதும் கேட்கத்தக்கதே.

மேலும் ஓர் இடைவெளி இருந்தது. உற்பத்தி தொடங்குமுன் அக்கிணறுகளில் எவ்வளவு எண்ணெய் இருந்தது என்ற அடிப்படை அளவீடு கைவசம் இல்லை. போர்க்காலத்தில் பழைய மின்நிலையத்தின் எண்ணெய் நிலத்தில் கசிந்தது என்ற வாதம் அந்த இடைவெளியிலேயே நுழைந்தது. எனினும் 2019 ஏப்பிரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாட்டின்படி, கம்பனி இரண்டு கோடி ரூபா செலுத்தவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. வழக்கைத் தொடுத்தவர் தென்னிலங்கையைச் சேர்ந்த சூழலியற் செயற்பாட்டாளர் ரவீந்திர குணவர்தன காரியவசம் என்பதையும் இங்கே பதிவுசெய்யவேண்டும். பாதிப்புற்ற குடும்பம் ஒன்றுக்குக் கிட்டக்கூடிய உச்சத்தொகை 40,000 ரூபா. தலைமுறைகளாக நீர் தந்த ஒரு கிணற்றுக்கு இத்தொகை.

நீரிணையின் அக்கரையிலும் முதற் சொல் எவருடையது என்பதே பிணக்காயிற்று. 2017 ஜனவரி 28இல் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியபோது, மாசு எதுவும் இல்லை என்றே துறைமுகத்தின் முதல் அறிக்கை சொன்னது. பின்னர் ஆட்கள் வாளிகளால் கரியெண்ணெயை அள்ளும் காட்சியை உலகம் கண்டது. 2023 மார்ச்சில் நாகூர்ப் பட்டினச்சேரியில் சென்னைப் பெற்றோலியக் கழகத்தின் குழாய் கசிந்தபோது, அதனை முற்றாக அகற்றுமாறு மீனவர்கள் போராடினர். பருவக்காற்றுடன் திசைமாறும் நீரோட்டங்களைக்கொண்ட இந்நீரிணையில், அக்கரைக் கசிவை அயலாரின் செய்தியாக நாம் விட்டுவிட இயலாது.

1970களில் சோவியத் உதவியுடன் மன்னார்த்தீவின் பேசாலையில் எண்ணெய் தேடித் துளையிட்டனர். பாக்குநீரிணைப் பகுதியிலும் அக்காலத்தில் தேடல் நடந்தது. 2011இல் மன்னார்ப் படுகையில் கெயான் கம்பனி இயற்கை வாயுவைக் கண்டறிந்தது. தேடுவோர் மீண்டும் வரக்கூடும். அவர்கள் வருமுன் மாதகற் கரையிலும் அராலி முகத்திலும் கீரிமலை ஊற்றிலும், அவற்றுக்கு உட்புறமான சண்டிலிப்பாய்க் கிணறுகளிலும், மாரிக்கு முன்னொருமுறை பின்னொருமுறையாக நீரெடுத்துச் சோதிக்கவேண்டும். நீரோடு கரையோரச் சேறும், எண்ணெயைத் தம் உடலில் சேர்த்துவைக்கும் மட்டியும் சிப்பியும் சோதனைக்கு உரியவை. ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடமும் சில ஊர்களின் வாசிகசாலைகளும் சேர்ந்தால் தொடங்கக்கூடிய பணி இது. பெறுபேறுகளின் ஒரு பிரதி அவ்வாசிகசாலைகளிலேயே, ஊரவர் புரட்டிப் பார்க்கக்கூடியதாக, இருக்கவேண்டும்.