பர்ன் அவுட்

நேர்ப்பொருள், எரிந்து தீர்தல். போதைப்பொருளால் உருக்குலைந்தவர்களைக் குறித்த அமெரிக்கத் தெருவழக்கு இது. நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்றில் இரவுகளில் தொண்டாற்றிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், அவர்களைக் கவனித்த ஊழியர்களும் அதேபோல் வற்றிப்போவதைக் கண்டார்; தாமும் அதற்கு ஆளானார். 1974இல் அந்தச் சொல்லையே ஊழியர்களுக்கு வைத்துக் கட்டுரை எழுதினார். எவ்வளவு பொருத்தமான இரவல்!

ஆனாலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. எண்ணெய் வற்றினால் திரி கருகத்தான் செய்யும். இச்சொல்லோ திரியை மட்டுமே காட்டுகிறது. கனடாவின் சிகிச்சையாளர் விக்கி ரெனால்ட்ஸும் இச்சொல்லைக் கேள்வி கேட்டவர். ஊழியரைக் கருக்குவது உதவி தேடி வருபவரின் துயரம் அன்று, அவருக்கு நியாயம் மறுக்கப்படும் சூழல் என்பது ரெனால்ட்ஸின் வாதம். அவர் வலியுறுத்தும் கூட்டுப் பராமரிப்பில், இறந்தவருக்காக ஊழியர்கள் சேர்ந்தே அழுகிறார்கள். அடுத்த நாள் பளுவையும் சேர்ந்தே சுமக்கிறார்கள்.