விதையும் விளைநிலமும்

தோற்றுவாய்

'கருவறை' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்கள் உண்டு. இறைவன் எழுந்தருளியிருக்கும் இடமும் கருவறை. உயிர் உருப்பெறும் இடமும் கருவறை. இரண்டிற்கும் ஒரே பெயர் சூட்டிய நம் முன்னோர், கரு தங்குவதை எளிய நிகழ்ச்சியாக எண்ணவில்லை. திருமூலர் தம் திருமந்திரத்தில் 'கர்ப்பக்கிரியை' என ஒரு தனிப்பகுதியே வகுத்தார். மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில், கரு எத்தனை இடர்களுக்குத் தப்பிப் பிழைக்க வேண்டியிருக்கிறது என்பதை முதல் திங்கள் தொடங்கித் திங்கள்தோறும் நிரல்படுத்திப் பாடினார். பிறப்பதற்கு முன்பே உயிர் பல கண்டங்களைக் கடக்கிறது என்னும் உணர்வு அப்பாடலில் உண்டு.

ஏட்டில் இருந்த இந்த உணர்வு வீட்டில் இருந்ததா? செலண்டார் வட்டாரத் தோட்டங்களிலும் சரி, பிற தோட்டப்புறங்களிலும் சரி, மணமாகிச் சில ஆண்டுகள் கடந்தும் மடி நிறையாத பெண்ணை லயத்துப் பேச்சு விட்டுவைத்ததில்லை. வளைகாப்புக்குப் போனால் பின்வரிசையில் நிற்க வேண்டும். தொட்டில் கட்டும் வீட்டில் தொட்டிலைத் தொடத் தயங்க வேண்டும். 'மலடன்' என்னும் ஆண்பாற் சொல் அகராதியில் உண்டு. வழக்கில் அதைக் கேட்டவர் அரியர். 'மலடி' என்னும் பெண்பாற் சொல்லோ அகராதியைப் பாராதவர் நாவிலும் குடியிருந்தது. இப்பழியின் மீது அறிவு ஒளி பாய்ச்சிய வரலாற்றையும், அவ்வரலாற்றில் இடம்பெற்ற ஒரு பெருந்துயரையும், அத்துயருக்குப் பின் வந்த ஓர் அறச்செயலையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒட்டுக் கட்டியவர் அறிந்த உண்மை

1896-ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைப் பயிரிட்டார். பின்னர் 1910-களில் ஜாவாவில், ரப்பர்க் கன்றுக்கு மொட்டு ஒட்டுக் கட்டும் முறை உருவாயிற்று. நல்ல பால் சுரக்கும் மரத்தின் மொட்டைப் பட்டையோடு பெயர்த்து, வேறொரு கன்றின் தண்டில் பதித்துக் கட்டுவதே அம்முறை. நாற்றுமேடையில் அப்பணியைச் செய்த நம் மக்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். மொட்டு எத்துணைச் சிறந்ததாயினும், அதனை ஏற்கும் கன்றின் பட்டை இளகி, தண்டிலிருந்து எளிதில் பிரியும் பருவத்தில் இருக்க வேண்டும். பட்டை இறுகியிருக்கும் நாளில் கட்டினால் மொட்டு கருகும். ஏறத்தாழ மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்து, பட்டையை நகத்தால் இலேசாகக் கீறிப் பார்ப்பார்கள். பச்சை தெரிந்தால் ஒட்டுப் பிடித்தது என்று பொருள். பிடிக்காத ஒட்டுக்கு மொட்டையும் பழிக்காமல், கன்றையும் பழிக்காமல், 'பருவம் தப்பிவிட்டது' என்று சொல்லி, மீண்டும் காலம் பார்த்துக் கட்டியவர்கள் அவர்கள்.

கன்றுக்குக் காட்டிய இந்த நீதியைப் பெண்ணுக்குக் காட்ட மனித குலத்திற்கு நெடுங்காலம் ஆயிற்று.

நிலத்தை அறிந்த வரலாறு

பாலூட்டிகளின் சூல்முட்டையை 1827-இல் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் கண்டறிந்தார். சூல்முட்டையோடு விந்தணு கூடும் காட்சியை 1876-இல் ஆஸ்கார் ஹெர்ட்விக், கடல் முள்ளெலியின் முட்டைகளைக் கொண்டு தெளிவாக்கினார். இவை விதையைப் பற்றிய ஆராய்ச்சிகள். விதை விழும் நிலமாகிய கருப்பை அகப்படலத்தின்பால், அதாவது கருப்பையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மென்படலத்தின்பால், அறிஞரின் கருத்து ஆழமாகத் திரும்பியது இருபதாம் நூற்றாண்டிலேதான்.

சூல்முட்டை வெளியேறிய பின் சூற்பையில் எஞ்சி நிற்கும் மஞ்சள்நிறத் திசுவை நீக்கிவிட்டால் முயலின் கருப்பையில் கரு பதிவதில்லை என்று ஜெர்மானியரான லுட்விக் பிரேங்கல் அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டினார். அத்திசுவின் சாற்றைச் செலுத்திக் கருவைக் காக்கலாம் என்று 1929-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கார்னரும் வில்லார்டு ஆலனும் மெய்ப்பித்தனர். அச்சாற்றின் உயிரான பொருளே 'புரோஜெஸ்டரோன்' என்னும் ஹார்மோன். திங்கள்தோறும் முதலில் ஈஸ்ட்ரோஜென் அகப்படலத்தைத் தடிக்கச் செய்கிறது. பிறகு புரோஜெஸ்டரோன் அதனைப் பதப்படுத்திச் சுரப்பிகளில் ஊட்டம் நிரம்பச் செய்கிறது. உழுவது ஒன்று, எருவிடுவது மற்றொன்று எனலாம். கரு வந்து தங்காவிடில் அப்படலம் உதிர்ந்து மாதவிலக்காக வெளியேற, மறுபடியும் உழவு தொடங்குகிறது.

பாஸ்டன் நகரில் ஆர்தர் ஹெர்டிக், ஜான் ராக் ஆகிய இருவர், 1938 முதல் 1953 வரை, கருப்பை நீக்கச் சிகிச்சைக்கு உட்பட்ட 210 பெண்களின் ஒத்துழைப்போடு ஆராய்ந்து, 34 இளங்கருக்களைக் கண்டனர். கரு தோன்றிய ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது அகப்படலத்தைத் துளைத்து வேர்விடும் நிலை அவர்களால் முதன்முதலாக அறியப்பட்டது. அவர்கள் நாய்ஸ் என்பவரோடு சேர்ந்து 1950-இல் வெளியிட்ட கட்டுரை, அகப்படலத்தை நுண்ணோக்கியில் பார்த்தே அது சுழற்சியின் எந்த நாளில் இருக்கிறது என்று கணிக்கும் வழியைக் கற்பித்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் எம். சி. சாங் என்னும் சீன அறிஞர், ஒரு முயலின் கருவை மற்றொரு முயலின் கருப்பைக்கு மாற்றிப் பார்த்தார். கருவின் வயதும் கருப்பையின் பருவமும் ஒத்திருந்தால் கரு வளர்ந்தது, ஒவ்வாதபோது அழிந்தது. கருப்பை தன் கதவைத் திறந்து வைத்திருக்கும் காலம் மிகக் குறுகியது என்பதை 1960-களில் சைக்கோயோஸ் என்பவர் எலிகளிடம் மேலும் விளக்கினார். மனிதரிடத்தில் இக்காலக் கணக்கை 1999-இல் வில்காக்ஸ் குழுவினர் வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்த 189 கருத்தரிப்புகளில் 48 ஆறு வாரத்திற்குள்ளேயே கலைந்துபோயின. நிலைத்த கருக்களிற் பெரும்பாலானவை சூல்முட்டை வெளிப்பட்ட எட்டாம், ஒன்பதாம், பத்தாம் நாள்களில் பதிந்தவை. பிந்திப் பதிந்தவை கலைவது மிகுதியாக இருந்தது.

நான்கில் ஒரு கரு வந்த சுவடு தெரியாமலே மறைகிறது. இதில் பெண் செய்த பாவம் யாது? முன்வினை யாது? மாணிக்கவாசகர் பாடிய கண்டங்கள் எத்துணை மெய்யானவை என்பதையே ஆய்வுக்கூடமும் உரைத்தது.

கல்கத்தாவில் ஒரு மருத்துவர்

1978-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ, ஜீன் பர்டி ஆகிய மூவரின் பல்லாண்டு உழைப்பின் பயன் அது. தொடக்கத்தில் அவர்கள் ஹார்மோன் மருந்து கொடுத்துப் பல சூல்முட்டைகளை விளைவித்துப் பார்த்தார்கள். கருக்கள் உருவாயினும் கருப்பையில் நிலைக்கவில்லை. இறுதியில் மருந்தைக் கைவிட்டு, இயற்கையாக முதிர்ந்த ஒற்றைச் சூல்முட்டையைக் கொண்டே வெற்றி கண்டார்கள்.

அதற்கு 70 நாள்கள் கழித்து, அக்டோபர் 3-ஆம் நாள், கல்கத்தாவில் ஒரு பெண்மகவு பிறந்தது. துர்க்கை பூசைக் காலமாதலின் 'துர்க்கா' என்று அழைத்தனர். அதனைச் சாதித்தவர் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய். 1931-இல் ஹசாரிபாகில் பிறந்து, கல்கத்தாவிலும் எடின்பரோவிலும் ஆராய்ச்சிப் பட்டங்கள் பெற்றவர் அவர். குளிரியல் அறிஞர் சுனித் முகர்ஜியும் மகப்பேற்று மருத்துவர் பட்டாச்சார்யாவும் அவருக்குத் துணை நின்றனர்.

சுபாஷ் மேற்கொண்ட வழி வேறு. அவரும் மருந்து கொடுத்துப் பல சூல்முட்டைகளை விளைவித்தார். ஆயினும் அம்மருந்தின் வேகத்தால் அகப்படலத்தின் பருவம் கெடும் என்பதை உணர்ந்து, உருவான கருவை அந்தச் சுழற்சியிலேயே கருப்பையில் வைக்கவில்லை. கடுங்குளிரில் உறையவைத்து 53 நாள்கள் காத்தார். பெண்ணின் உடல் தன் இயல்புக்குத் திரும்பிய பின்னர், வேறொரு சுழற்சியில், அகப்படலம் இயற்கையாய்ப் பதப்பட்ட நேரம் பார்த்துக் கருவை வைத்தார். பட்டை இளகும் நாளுக்குக் காத்திருந்து ஒட்டுக் கட்டிய தொழிலாளியின் அறிவும் இந்த மருத்துவரின் அறிவும் ஒரே நெறியின்பாற்பட்டவை அல்லவா? உறைகருவிலிருந்து பிறந்த குழந்தையைப் பற்றிய செய்தி ஆஸ்திரேலியாவிலிருந்து உலகுக்குக் கிடைத்தது 1984-இல்தான். கருவை உறையவைத்து, கருப்பை ஓய்ந்து பதப்பட்ட பின் வைப்பது இன்று உலகெங்கும் பரவலாகக் கையாளப்படும் முறை.

ஆனால் அவரை ஏற்கும் பருவத்தில் அவர் நாடு இல்லை. 1978 நவம்பரில் மேற்கு வங்க அரசு அமைத்த குழு, அவர் கூற்றை நம்பத்தகாதது என்று ஒதுக்கியது. குழந்தையின் பெற்றோர் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி வெளிப்பட விரும்பவில்லை. அவர்களைக் காட்டிக்கொடுக்க மருத்துவரும் உடன்படவில்லை. ஜப்பானிலிருந்து வந்த ஆராய்ச்சி அழைப்பை ஏற்கவும் இசைவு கிட்டவில்லை. 1981-இல் அவரைக் கண் மருத்துவ நிலையம் ஒன்றிற்கு மாற்றினார்கள். கருவை ஆராய்ந்தவருக்குக் கண் மருத்துவமனையில் என்ன வேலை? அவ்வாண்டு ஜூன் 19-ஆம் நாள் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பது.

முதன்மையைத் துறந்த அறிஞர்

1986 ஆகஸ்டு 6-ஆம் நாள் பம்பாயில் ஹர்ஷா என்னும் குழந்தை பிறந்தது. இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என்று நாடு அதனைக் கொண்டாடியது. மருத்துவர் இந்திரா ஹிந்துஜாவோடு இணைந்து அதனைச் சாதித்தவர் டி. சி. ஆனந்தகுமார். இனவிருத்தி ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநராக இருந்தவர். பட்நாகர் பரிசு பெற்ற அறிவியலாளர். அவர் பெயரின் முதலெழுத்து திருச்சிராப்பள்ளியைக் குறிப்பது.

1997-இல் ஆனந்தகுமார் கல்கத்தா சென்றபோது, மறைந்த சுபாஷின் ஆய்வுக் குறிப்புகள் அவர் கைக்கு வந்தன. அவற்றை மூடி வைத்திருந்தால் கேட்பார் இல்லை. முதல்வன் என்னும் பெயர் அவருக்கே நிலைத்திருக்கும். பாடநூலும் அவ்வாறே உரைத்திருக்கும். அவரோ குறிப்புகளை வரிவரியாக ஆராய்ந்தார். உண்மை புலப்பட்டதும், இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையின் சிற்பி சுபாஷே என்று 'கரண்ட் சயன்ஸ்' என்னும் ஆய்விதழில் அவ்வாண்டே எழுதினார். தம் தலையிலிருந்த முடியைத் தம் கையாலேயே எடுத்து, பதினாறு ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோன ஒருவருக்குச் சூட்டினார். 2010-இல் ஆனந்தகுமார் மறைந்தார். அவர் விட்டுக்கொடுத்த 'முதல்' என்னும் சொல்லே அவர் புகழுக்கு அணியாக நிற்கிறது.

முடிவுரை

தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இவ்வரலாறு உணர்த்துவன இரண்டு. விதையை மட்டும் போற்றி நிலத்தை மறப்பதும், விளையாதபோது நிலத்தை மட்டும் பழிப்பதும் அறியாமை. கரு தங்குவதும் தங்காததும் ஒரு சில நாள்களின் இசைவைப் பொறுத்தன; குறை ஆணிடமும் இருக்கலாம், பெண்ணிடமும் இருக்கலாம், இருவரிடமும் இல்லாமலும் இருக்கலாம். இதனை அறிந்த பின்னரும் 'மலடி' என்னும் சொல்லை ஆளுவோமாயின், நாம் கற்ற கல்வி பயனற்றது. இஃது ஒன்று.

அறிவும் ஒரு கருவே. அதுவும் பதிவதற்கு இடம் வேண்டும். ஒரு மாணவன் புதிதாய் ஒன்றைச் சொல்லும்போது வகுப்பறை அதனை ஆராய்ந்து பார்க்கும் பதத்தில் இருக்கிறதா, எள்ளி நகையாடி உதிர்த்துவிடுகிறதா என்று ஆசிரியர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இஃது இரண்டாவது.

செலண்டார்ப் பகுதியின் பால்மரக் காடுகளிற் பெரும்பகுதி இன்று செம்பனையாக மாறிவிட்டது. மொட்டு ஒட்டுக் கட்டிய கைகளும் ஓய்ந்துவிட்டன. எனினும், பட்டை இளகும் நாள் வரை காத்திருந்த அவர்களின் பொறுமையையும், பிடிக்காத ஒட்டுக்காக எந்தக் கன்றையும் வையாத அவர்களின் நேர்மையையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கடமை நமக்கு இருக்கிறது.